வளர்ப்பு மீன்களின் நலன் பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி கொடுப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பண்ணைகளில் வளரும் மீன், இறால், நண்டு போன்ற உயிர்கள் எப்படி வாழ்கின்றன, எப்படிச் சாகின்றன என்று ஆராயப் பணம் தேவைப்படுகிறது. கொடுக்க முன்வருகிறவர்களும் மெல்லக் கூடி வருகிறார்கள். வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கும் தனிநபர், குடும்ப அறக்கட்டளையைக் கவனித்துக்கொள்ளும் ஒருவர், நண்பர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சிறு நிதி என்று பல வகை. மனம் எல்லோருக்கும் இருக்கிறது. யாரிடம் கொடுப்பது, எதற்குக் கொடுப்பது, கொடுத்த பிறகு என்ன கேட்பது என்பதில்தான் தடுமாற்றம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நிதி தேடும் ஆராய்ச்சியாளர்களும் படிக்கலாம், கொடுப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்பது தெரியவரும்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்பும். பதில் கிடைத்தால் யார் எதை மாற்றுவார்கள்? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியாத ஆய்வுக்கு, அது எவ்வளவு சுவாரஸ்யமாக இருந்தாலும், உங்கள் பணம் போக வேண்டாம். இந்தத் துறைக்கு வரும் பணம் அவ்வளவு குறைவு, காத்திருக்கும் உயிர்கள் அவ்வளவு அதிகம்.

முதல் படி: அளவைப் புரிந்துகொள்ளுங்கள்

2022இல் உலகப் பண்ணைகளில் விளைந்த நீர்வாழ் விலங்குகள் 9.44 கோடி டன் என்கிறது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு. கடலிலும் ஆற்றிலும் பிடித்ததை விடப் பண்ணையில் வளர்த்தது அதிகமாக இருந்தது அந்த ஆண்டுதான் முதல் தடவை. ஆனால் டன் கணக்கை வைத்துக்கொண்டு யோசித்தால் தவறான இடத்துக்குப் போய்விடுவோம். ஒரு டன் சால்மன் என்றால் சில நூறு மீன்கள். ஒரு டன் இறால் என்றால் பல பத்தாயிரம் உயிர்கள்.

2021இல் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கணக்கை உயிர்களின் எண்ணிக்கையில் போட்டுப் பார்த்தது. 2018இன் பண்ணை உற்பத்தி 25,000 கோடி முதல் 40,800 கோடி உயிர்கள் வரை இருக்கும், அதில் குறைந்தது 408 இனங்கள் உண்டு, அவற்றில் 84 இனங்களுக்கு மட்டுமே நலன் சார்ந்த தனி ஆய்வுத் தகவல் கிடைக்கிறது என்று அது சொன்னது. அந்த 84 இனங்களையும் சேர்த்தாலும் மொத்த உயிர்களில் 30 சதவீதம்தான் வருகிறது. மீதி 70 சதவீதத்துக்கு எதுவும் எழுதப்படவில்லை, அல்லது அவை எந்த இனம் என்பதே பதிவாகவில்லை.

இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. நீங்கள் தேட ஆரம்பித்ததும் சால்மன், ட்ரவுட் பற்றிய கட்டுரைகள்தான் வந்து குவியும், ஏனென்றால் அவற்றை வளர்க்கும் நாடுகளில் ஆய்வுக்கூடங்களும் பணமும் இருக்கின்றன. கெண்டை இனங்கள், திலாப்பியா, பங்காசியஸ், வனாமி இறால் ஆகியவை எண்ணிக்கையில் பல மடங்கு, ஆய்வில் பின்தங்கியவை. எந்த உயிருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும்போது எழுதப்பட்டதின் அளவைப் பார்க்காதீர்கள், உயிர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

இரண்டாவது: ஏற்கெனவே தெரிந்ததற்கு மறுபடி பணம் கட்டாதீர்கள்

மீனுக்கு வலிக்குமா என்ற கேள்வி புதிதாக வருகிற எல்லோரையும் இழுக்கும். 2003இல் லின் ஸ்னெடனும் அவருடைய சக ஆய்வாளர்களும் வானவில் ட்ரவுட் மீனின் தலையிலும் முகத்திலும் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அசிட்டிக் அமிலமோ தேனீ விஷமோ செலுத்தப்பட்ட மீன்கள் நீண்ட நேரம் சாப்பிடவில்லை, மூச்சு வேகமெடுத்தது, அமிலம் செலுத்தப்பட்டவை உதட்டைத் தொட்டியின் தரையில் போய்த் தேய்த்தன. மார்ஃபின் கொடுத்தபோது அந்த நடத்தை குறைந்தது. எதிர்த்தரப்பும் இருக்கிறது. வலியை உணரத் தேவையான புறணி (மூளையின் வெளிப்படலம்) மீனுக்கு இல்லை என்று 2016இல் பிரையன் கீ வாதிட்டார், அதற்குப் பல ஆய்வாளர்கள் பதில் எழுதினார்கள். இந்த விவாதம் இன்னும் பல ஆண்டு ஓடும். ஓடட்டும். விலங்கு நலனை மதிக்கும் ஒருவர் முடிவெடுக்கத் தேவையான அளவு ஆதாரம் மீன்களைப் பொறுத்தவரை வந்துவிட்டது என்பதே என் கருத்து. அதே கேள்விக்காக இன்னொரு தொட்டி மீன்களுக்கு அமிலம் ஏற்ற உங்கள் பணம் வேண்டாம்.

இறால், நண்டு, கணவாய் விஷயத்திலும் நிலைமை நகர்ந்திருக்கிறது. 2021இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த ஜோனதன் பெர்ச் தலைமையிலான குழு 300க்கும் மேற்பட்ட ஆய்வுகளை எட்டு அளவுகோல்களில் வைத்துப் பார்த்து, பத்துக்கால் ஓட்டுடலிகளும் (இறால், நண்டு போன்றவை) தலைக்காலிகளும் (கணவாய், ஆக்டோபஸ் போன்றவை) உணர்வுள்ளவை என்று கருதப் போதிய ஆதாரம் உள்ளது என்றது. பிரிட்டனின் 2022 விலங்கு நலச் சட்டத்தில் அவை சேர்க்கப்பட்டன. அந்த அறிக்கையை ஒரு முன்மாதிரியாகவே பாருங்கள். அதற்காகப் புதிதாக எந்த உயிரும் பிடிக்கப்படவில்லை, சிதறிக் கிடந்ததைச் சேர்த்து ஒழுங்காக எடைபோட்டார்கள், அதைப் படித்து முடிவெடுக்க ஓர் அரசு காத்திருந்தது. குறைந்த செலவில் பெரிய விளைவு தரும் வேலை பல சமயம் இப்படித்தான் இருக்கிறது.

எதற்குமே பணம் கொடுப்பதற்கு முன்னால், நீங்கள் தேர்ந்த இனத்தைப் பற்றி என்ன தெரியும் என்று படிக்கச் சில வாரம் ஒதுக்குங்கள். ஃபேர்-ஃபிஷ் அமைப்பின் தரவுத்தளத்தில் ஒவ்வொரு இனத்துக்கும், அது இயற்கையில் எப்படி வாழ்கிறது, பண்ணையில் அதற்கு என்ன கிடைக்கிறது என்ற ஒப்பீடு இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008, 2009 ஆண்டுகளில் இனவாரியாக வெளியிட்ட நீண்ட அறிக்கைகள் பழையவைதான், ஆனால் எந்த இடத்தில் தகவல் இல்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்திகளை மட்டும் தேடிப் படித்தாலே கேள்விகள் கிடைக்கும்.

மூன்றாவது: கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தண்ணீரின் தரம், நெருக்கமாக வளர்ப்பது, பிடிப்பதும் ஏற்றிச் செல்வதும், நோயும் ஒட்டுண்ணியும், இனப்பெருக்க முறைகள், கொல்லும் முறை, தீவனத்துக்காகப் பிடிக்கப்படும் சின்ன மீன்கள் என்று தலைப்புகள் நிறைய. ஒரே ஒரு உயிரும், அதன் வாழ்க்கையில் ஒரே ஒரு கட்டமும் என்று சுருக்கிக்கொண்டால்தான் சிறிய நிதியால் எதையாவது செய்ய முடியும்.

எனக்கு முக்கியமாகப் படுவது கொல்லும் முறை. அது வாழ்க்கையின் கடைசிச் சில நிமிடம்தானே என்று தோன்றலாம். ஆனால் அறுவடையாகும் ஒவ்வொரு உயிரும் அந்த வழியாகத்தான் போகிறது, அங்கே படும் துன்பம் கடுமையானது, ஒரு கருவியை மாற்றினால் அந்த ஆலைக்கு வரும் அத்தனை உயிருக்கும் ஒரே சமயத்தில் மாறிவிடும். மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்து அப்படியே விட்டுவிடுவதும் ஐஸ் கரைசலில் போடுவதும் உலகில் பரவலாக இருக்கும் முறைகள். குளிரில் அமைதியாகச் செத்துவிடும் என்று நினைக்கிறோம். 1991இல் வெளியான ஓர் அளவீட்டின்படி, காற்றில் விடப்பட்ட ட்ரவுட் மீனின் மூளை ஒளிக்கு எதிர்வினை காட்டுவது நிற்க 20 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 2.6 நிமிடம் ஆனது, 2 டிகிரியில் ஏறத்தாழ 9.6 நிமிடம். குளிர் உடலின் இயக்கத்தையே மெதுவாக்குகிறது, அதனால் உணர்வும் மெதுவாகத்தான் போகிறது. 2025இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, மூச்சுத்திணறிச் சாகும் ஒரு ட்ரவுட் சராசரியாக 10 நிமிடம் அளவுக்கு, சூழலைப் பொறுத்து 2 முதல் 22 நிமிடம் வரை, மிதமானது முதல் கடுமையானது வரையிலான வலியில் இருக்கிறது என்று மதிப்பிட்டது. கொல்லும் முன் மின்சாரம் பாய்ச்சி மீனை உணர்விழக்கச் செய்வது மின் மயக்கக் கருவி; ஒழுங்காக இயங்கும் அப்படியொரு கருவிக்குப் போடும் ஒவ்வொரு அமெரிக்க டாலர் முதலீட்டுக்கும் 60 முதல் 1,200 நிமிட வலியைத் தவிர்க்கலாம் என்றும் கணக்கிட்டது. இப்படி ஓர் எண் கையில் இருந்தால் ஆலை முதலாளியிடமும் பேசலாம், சட்டம் எழுதுகிறவரிடமும் பேசலாம்.

சரி, மின்சாரம் பாய்ச்சினால் முடிந்தது என்றால் இன்னும் என்ன ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறைய. மின்னோட்டம் குறைவாக இருந்தால் மீன் அசையாமல் கிடக்கும், ஆனால் உணர்வோடு இருக்கும், பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. அதிகமானாலோ மின்னோட்டத்தின் அதிர்வெண் தப்பினாலோ முதுகெலும்பு முறிந்து ரத்தம் கட்டி, சதை கெட்டு, பண்ணைக்காரர் கருவியையே அணைத்து வைத்துவிடுவார். நன்னீருக்கும் உப்புநீருக்கும் கடத்துதிறன் வேறு, மீனின் அளவுக்கு அளவு தேவை வேறு. உண்மையாக உணர்விழந்ததா என்று உறுதிப்படுத்த மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தாக வேண்டும். ஒவ்வொரு இனத்துக்கும் எவ்வளவு மின்சாரம், எத்தனை நொடி, எவ்வளவு நேரத்துக்குள் அடுத்த கட்டம் என்ற அட்டவணை வேண்டும். பெரிய எண்ணிக்கையில் வளர்க்கப்படும் பல இனங்களுக்கு நம்பகமான அட்டவணை இல்லை. அதை உருவாக்குவது ஒரு சிறிய குழுவால் முடிகிற வேலை, முடிந்ததும் நேராகப் பயன்படும் வேலை.

இன்னோர் எடுத்துக்காட்டு இறாலிலிருந்து. குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறால் சீக்கிரம் முட்டையிட வேண்டும் என்பதற்காக அதன் ஒரு கண்ணை, கண்காம்போடு நசுக்கியோ வெட்டியோ நீக்குகிறார்கள். முட்டை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் அந்தக் கண்காம்பில்தான் சுரக்கிறது, அதனால்தான் இந்தக் கொடுமை. ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண் நீக்கப்படாத தாய்களின் குஞ்சுகளையும் நீக்கப்பட்ட தாய்களின் குஞ்சுகளையும் நோய்க்கிருமிகளுக்கு உட்படுத்திப் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவு: நீக்கப்படாதவற்றின் குஞ்சுகள் வெள்ளைப்புள்ளி நோயையும், இறால் பண்ணைகளை அழிக்கும், விப்ரியோ என்ற பாக்டீரியாவால் வரும் ஒரு நோயையும் அதிகமாகத் தாங்கின. கண்ணை வெட்டுவது கொடூரம் என்று மட்டும் சொன்னபோது கேட்காத பண்ணைகள்கூட, குஞ்சு பிழைக்கும் என்றதும் காது கொடுத்தன. யாருடைய முடிவு மாற வேண்டுமோ அவருக்கு எது முக்கியமோ அதையும் சேர்த்து அளந்த ஆய்வு இது. நிதி கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் இந்தச் சேர்க்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

எச்சரிக்கையாக ஓர் எடுத்துக்காட்டும் சொல்ல வேண்டும். சால்மன் கூண்டுகளில், மீனின் உடலில் ஒட்டி வாழும் கடல் பேன் என்ற ஒட்டுண்ணி பெரிய தொல்லை. மருந்துகளுக்குப் பேன் பழகிவிட்டதால், மீனைச் சில நொடிகள் 28 முதல் 34 டிகிரி வெந்நீரில் முக்கி எடுக்கும் முறை நார்வேயில் வேகமாகப் பரவியது. அந்த வெப்பத்தில் மீன்கள் வலிக்கான நடத்தையைக் காட்டுகின்றன என்ற ஆய்வு 2019இல் வந்தபோது, கருவிகள் எல்லாம் வாங்கி ஓடிக்கொண்டிருந்தன. பேனைத் தின்பதற்காகக் கூண்டில் விடப்பட்ட துப்புரவு மீன்களும் பெரும் எண்ணிக்கையில் செத்தன. 2023இல் நார்வேயின் கடற்கூண்டுகளில் 6.28 கோடி சால்மன்கள், அதாவது 16.7 சதவீதம், அறுவடைக்கு முன்பே இறந்ததாக அந்நாட்டுக் கால்நடை மருத்துவ நிறுவனம் பதிவு செய்தது. ஒரு பிரச்சினைக்குத் தீர்வு தேடும் ஆய்வுக்குப் பணம் கொடுக்கும்போது, அந்தத் தீர்வு மீனை என்ன செய்யும் என்ற அளவீடும் அதே திட்டத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்றால் அந்தப் பிறகு வருவதற்குள் கருவி விற்றுத் தீர்ந்திருக்கும்.

நான்காவது: பயன்படுத்தப் போகிறவரிடம் பேசுங்கள்

ஆராய்ச்சியாளரிடம் போவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். கருவி தயாரிப்பவர், தரச்சான்று கொடுக்கும் அமைப்பு, சில்லறை வணிக நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு, அரசின் மீன்வளத் துறை, பண்ணைகளோடு நேரடியாக வேலை செய்யும் தொண்டு நிறுவனம், இவர்களில் யாராவது ஒருவர். உலக விலங்கு சுகாதார அமைப்பின் நீர்வாழ் விலங்கு விதித்தொகுப்பில் வளர்ப்பு மீன்களை ஏற்றிச் செல்வது, மயக்கிக் கொல்வது பற்றிய அத்தியாயங்கள் உண்டு, அவை மீனுக்கு மட்டும்தான், இறாலுக்கோ நண்டுக்கோ இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப என்ன தரவு வேண்டும் என்பது ஒரு நல்ல கேள்வி. இறால் ஆலைகளுக்கு மின் மயக்கக் கருவி கிடைக்கச் செய்யும் ஷ்ரிம்ப் வெல்ஃபேர் ப்ராஜெக்ட், கெண்டைக் குளங்களில் விவசாயிகளோடு சேர்ந்து தண்ணீரின் தரத்தையும் மீன்களின் நெருக்கத்தையும் கவனிக்கும் ஃபிஷ் வெல்ஃபேர் இனிஷியேட்டிவ் போன்றவை ஆய்வு முடிவு வந்தால் களத்துக்குக் கொண்டுபோகக் கூடியவை.

அவர்களிடம் ஆதரவுக் கடிதம் கேட்காதீர்கள், அது யாருக்கும் எளிதாகக் கிடைக்கும். இப்படிக் கேளுங்கள்: முடிவு இந்த எண்ணுக்கு மேல் வந்தால் என்ன செய்வீர்கள், கீழே வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்த ஆய்வு அவருக்குத் தேவையில்லை.

ஐந்தாவது: நேரடியாகவா, பொது நிதி வழியாகவா

கையில் இருப்பது சிறு தொகை, படிக்க நேரமும் இல்லை என்றால் பொது நிதி வழியாகக் கொடுப்பதுதான் சரி, அதில் எந்தக் குறையும் இல்லை. ஈ.ஏ. (எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம்) அனிமல் வெல்ஃபேர் ஃபண்ட் மீன், இறால் சார்ந்த வேலைகளுக்கும் நிதி தருகிறது. இந்தத் துறையின் மிகப் பெரிய கொடையாளர்களில் ஒன்று ஓபன் ஃபிலாந்த்ரபி, இப்போது கோஎஃபிஷியன்ட் கிவிங் என்று பெயர் மாறியிருக்கிறது. 1926 முதல் இயங்கும் யுஃபா என்ற பிரிட்டிஷ் அமைப்பு விலங்கு நல அறிவியலுக்கு ஆய்வு நிதியும் மாணவர் உதவித்தொகையும் கொடுக்கிறது. ஹியூமேன் ஸ்லாட்டர் அசோசியேஷன் கொல்லும் முறை பற்றிய ஆய்வுகளை ஆதரிக்கிறது. காட்டு விலங்குகளின் பக்கம் ஆர்வம் இருந்தால் வைல்ட் அனிமல் இனிஷியேட்டிவ் இருக்கிறது.

தொழில்துறைப் பணமும் உண்டு. நார்வேயில் கடலுணவு ஏற்றுமதி மதிப்பில் 0.3 சதவீதம் வரியாகப் பிடிக்கப்பட்டு எஃப்.எச்.எஃப். என்ற ஆராய்ச்சி நிதிக்குப் போகிறது, அதில் நலன் சார்ந்த திட்டங்களும் நடக்கின்றன. பெரிய தொகை, நல்ல ஆய்வுகளும் வந்திருக்கின்றன. ஆனால் தொழில் விரும்பாத கேள்விக்கு அங்கே இடம் கிடைப்பது கடினம். உங்களைப் போன்ற தனிக் கொடையாளரின் மதிப்பு அங்கேதான், மற்றவர் கேட்கத் தயங்குவதை நீங்கள் கேட்கலாம்.

நேரடியாகக் கொடுப்பது என்று முடிவு செய்தால், மேலே சொன்ன ஏதாவது ஒரு நிதியின் அலுவலரிடம் ஒரு மணிநேரம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள். அவர்கள் நல்ல திட்டம் என்று நினைத்தும் பணம் போதாமல் விட்டவை இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வது புதிதாகத் தேடி அலைவதை விட மேல்.

ஆறாவது: விண்ணப்பத்தில் எதைப் பார்ப்பது

இரண்டு பக்கத்துக்கு மேல் கேட்காதீர்கள். நாற்பது பக்க விண்ணப்பம் ஒரு ஆய்வாளரின் மாதத்தைத் தின்றுவிடும். அந்த இரண்டு பக்கத்தில் நான் முதலில் தேடுவது எத்தனை தொட்டிகள் என்ற எண்ணை.

ஏன் என்று சொல்கிறேன். ஒரே தொட்டியில் இருக்கும் மீன்கள் ஒரே தண்ணீரில் வாழ்கின்றன, ஒன்றை ஒன்று பயமுறுத்துகின்றன, ஒன்றின் நோய் மற்றதற்குப் போகிறது. ஆகவே ஒரு தொட்டியில் 100 மீன் என்றால் அது 100 தனித்தனிச் சான்று ஆகாது. நெருக்கமாக ஒரு தொட்டி, தாராளமாக ஒரு தொட்டி என்று வைத்து 200 மீன்களை அளந்தோம் என்று ஒருவர் எழுதினால், அவர் ஒப்பிட்டது இரண்டு தொட்டிகளைத்தான். அந்த வித்தியாசம் நெருக்கத்தால் வந்ததா, ஒரு தொட்டியின் பம்ப் சரியில்லாததால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு நிலைக்கும் பல தொட்டிகள் வேண்டும். தொட்டி கூடினால் செலவு கூடும், அதனால்தான் இங்கே வெட்டுகிறார்கள். உங்கள் பணத்தை வேறு எதிலும் குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள். புள்ளியியல் தெரிந்த ஒருவருக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து வடிவமைப்பை மட்டும் பார்க்கச் சொன்னாலும் நல்லதுதான்.

அடுத்து, எதை அளக்கிறார்கள் என்பது. வளர்ச்சி வேகத்தை மட்டும் வைத்து மீன் நலமாக இருக்கிறது என்பார்கள். நன்றாக வளரும் மீனும் துடுப்பு கிழிந்து, வயிற்றுப் புண்ணோடு, ஓயாத மன அழுத்தத்தில் இருக்கக் கூடும். மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலை அளப்பார்கள், அது பயனுள்ளதுதான், ஆனால் மீனைப் பிடித்த சில நிமிடத்திலேயே அது ஏற ஆரம்பித்துவிடும் என்பதால் எப்படிப் பிடித்தார்கள் என்பதைக் கேட்க வேண்டும். நடத்தை, துடுப்பு, தோல், செவுள் நிலை, இறப்பு எண்ணிக்கை, தண்ணீரின் ஆக்சிஜன், அம்மோனியா எல்லாம் சேர்ந்திருந்தால்தான் படம் தெளிவாகும். அம்மோனியா என்று சொல்லும்போது தண்ணீரின் அமிலத்தன்மையும் வெப்பமும் பதிவாகியிருக்க வேண்டும், அவற்றைப் பொறுத்துத்தான் அது விஷமாகிறது. காணொளியைப் பார்த்து மதிப்பெண் போடுகிறவருக்கு எது எந்தத் தொட்டி என்று தெரியக் கூடாது. அப்புறம், இந்த அளவீடுகளில் ஒன்றாவது பண்ணைக்காரர் தானே குளக்கரையில் நின்று செய்யக் கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது.

காலக்கெடுவை உயிரின் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வனாமி இறாலுக்கு ஒரு வளர்ப்புச் சுற்று மூன்று, நான்கு மாதம். சால்மனுக்கு முட்டையிலிருந்து அறுவடை வரை இரண்டு, மூன்று ஆண்டு. முழு வாழ்க்கையையும் பார்க்கப் போகிறேன் என்று ஒரு வருடத் திட்டம் போடும் சால்மன் விண்ணப்பம் அந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. செலவுக் கணக்கில் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் நிர்வாகப் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். பல அறக்கட்டளைகள் அதற்கு 10 சதவீதம் போல ஓர் உச்சவரம்பு வைத்திருக்கின்றன, நீங்களும் வைக்கலாம்.

ஏழாவது: ஆய்வில் இருக்கும் மீன்களும் மீன்கள்தான்

நலனுக்காக நடக்கும் ஆய்வே உயிர்களுக்குத் துன்பம் தருவது நடக்காத காரியமில்லை. ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் 1959இல் முன்வைத்த மூன்று விதிகள் இன்றும் அடிப்படை: விலங்குக்குப் பதில் வேறு வழி, குறைந்த எண்ணிக்கை, குறைந்த துன்பம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010 ஆய்வு விலங்கு நெறிமுறை மீனையும் தலைக்காலிகளையும் காக்கிறது, இறாலையும் நண்டையும் விட்டுவிட்டது. சட்டம் கேட்காத இடத்தில் கொடையாளர் கேட்க வேண்டும். மீனுக்கு வேண்டிய அதே நெறிக்குழு அனுமதி, வலி இவ்வளவுக்கு மேல் போனால் சோதனையை நிறுத்த வேண்டும் என்ற அதே எல்லை இறாலுக்கும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

ஆலைகளில் எப்படியும் நடக்கும் அறுவடையைப் படம் பிடித்து அளந்தே பல கேள்விகளுக்குப் பதில் பெற முடியும். அதற்காகத் தனியாக உயிர்களைத் துன்புறுத்த வேண்டியதில்லை. அந்த வழி இருக்கும்போது ஆய்வுக்கூட வழியைக் கேட்டு வருகிறவரிடம் காரணம் கேளுங்கள்.

எட்டாவது: எதற்குக் கொடுக்கக் கூடாது

இதுவரை வளர்க்கப்படாத ஓர் இனத்தைப் பண்ணைக்குக் கொண்டுவர உதவும் ஆய்வு, நலன் என்ற பெயரில் வந்தாலும் வேண்டாம். ஆக்டோபஸ் இதற்குச் சரியான உதாரணம். தனியே வாழும், சக இனத்தையே தின்னும், ஆராயும் குணம் கொண்ட உயிர் அது. அதை நலமாக வளர்ப்பது எப்படி என்ற ஆய்வு, வளர்க்கலாம் என்ற அனுமதிச் சீட்டாக மாறிவிடும். அமெரிக்காவில் வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் 2024இல் ஆக்டோபஸ் பண்ணைகளைத் தடை செய்தன. அந்தத் தடைக்கு ஆதாரமாக இருந்த வகை ஆய்வுக்குக் கொடுக்கலாம்.

அதேபோல, நலன் மேம்பட்டால் இன்னும் நெருக்கமாக வளர்க்கலாம் என்று முடியும் திட்டங்களைக் கவனமாகப் படியுங்கள். உயிர்வளி ஏற்றும் கருவி வந்ததும் அதே குளத்தில் இரு மடங்கு குஞ்சு விடப்பட்டால், மீன்களுக்கு என்ன கிடைத்தது? நெருக்கத்துக்கு ஓர் உச்சவரம்பும் சேர்ந்து வர வேண்டும். பெரிய மீனின் இடத்தில் சிறிய மீனையோ இறாலையோ கொண்டுவரும் திட்டத்திலும் இதே சிக்கல், உணவின் எடை மாறாது, உயிர்களின் எண்ணிக்கை பல மடங்காகும்.

ஒன்பதாவது: ஒப்பந்தம்

இரண்டு வரி மிக முக்கியம். முடிவு எதுவாக இருந்தாலும், எதிர்மறையாகவோ ஒன்றும் இல்லை என்றோ வந்தாலும், வெளியிடப்படும். எப்படி அளக்கப் போகிறோம் என்ற திட்டம் ஆய்வு தொடங்கும் முன்பே பொதுவில் பதிவு செய்யப்படும். பண்ணை நிறுவனம் ஆய்வில் பங்கேற்றால் நல்லது, அவர்கள் இல்லாமல் நிஜக் குளத்துக்குள் போக முடியாது. வெளியீட்டுக்கு முன் வணிக ரகசியம் ஏதும் கசிகிறதா என்று பார்க்க அவர்களுக்கு ஒரு மாதம் கொடுக்கலாம், முடிவை நிறுத்தி வைக்கும் உரிமையைக் கொடுக்கக் கூடாது. இதை ஆரம்பத்திலேயே பேசிவிட்டால் சண்டை வராது. தரவையும் காணொளிகளையும் மற்றவர்கள் பயன்படுத்தும்படி திறந்து வைக்கச் சொல்லுங்கள், பத்து வருடம் கழித்து இன்னொருவர் அதே மீன்களைத் திரும்ப அளக்க வேண்டியிருக்காது.

பணத்தை ஒரே தடவையாகக் கொடுக்காதீர்கள். சிறு முன்னோட்ட ஆய்வுக்கு முதல் பகுதி, அது ஓடினால் மீதி. அறிக்கை ஆறு மாதத்துக்கு ஒன்று, ஒரு பக்கம் போதும், நடுவில் தொந்தரவு செய்யாதீர்கள். குளத்தில் நோய் வரும், வெள்ளம் வரும், மின்சாரம் போகும், திட்டம் தள்ளிப்போகும், அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அறிக்கையில் கெட்ட செய்தியை முதலில் எழுதுகிறவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, பெரும்பாலான கொடையாளர்கள் மறந்துபோவது. மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது ஆய்வு முடிந்த பிறகான வேலைக்கு ஒதுக்கி வையுங்கள். பண்ணைக்காரர் பேசும் மொழியில் நான்கு பக்கக் குறிப்பு, கருவி செய்பவருக்கு அட்டவணை, தரச்சான்று அமைப்போடு ஓர் அமர்வு, விதி எழுதும் அதிகாரிக்கு ஒரு பக்கச் சுருக்கம். இதைச் செய்யும் நேரமும் சம்பளமும் ஆய்வாளரின் பட்ஜெட்டில் இல்லையென்றால் கட்டுரை இதழில் வந்ததோடு நின்றுவிடும். யார் இதைச் செய்வார், எந்த மாதத்தில் செய்வார் என்பதை முதல் தவணை கொடுக்கும் நாளிலேயே பெயரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.